சுடுதண்ணீரில் நிற்கிறவன்

சாக்ரமென்டோ
நவம்பர் 8, 2021

அண்ணி,

நேற்று மலைக்கு வந்தேன். கேட்டில் பூட்டை மாற்றியிருக்கிறீர்கள். பழைய எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விரல் சில்லிட்டதுதான் மிச்சம். ஹார்ன் அடித்தேன். நாய் மட்டும் வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று வாலை ஆட்டியது. மரங்களுக்கு மேலே உங்கள் அடுப்புப் புகை தெரிந்தது. அதனால் வீட்டில் ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுப் போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கடிதமென்றால் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும் என்று எழுதுகிறேன்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் பேசியது தப்பில்லை. எல்லோர் முன்னாலும் பேசியதுதான் தப்பு. சாப்பாட்டு மேசைக்கு முன்னால் மலையே தட்டோடு வரிசையில் நிற்கும்போது, "நீங்க அண்ணனுக்குக் குடுக்கற அளவுல ஒரு குதிரையே படுத்துடும் அண்ணி"ன்னு கத்தியிருக்கக் கூடாது. ஆனால் ரோவன் அண்ணன் அன்று கொட்டகைக்குப் பின்னால் குனிந்து நின்று வாந்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. சட்டை அவன்மேல் தொங்குகிறது. வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டவன் மாதிரி இருக்கிறான்.

நான் கஞ்சாவுக்கு எதிரி இல்லை. அந்தச் செடிக்கு நடுவில்தானே பிறந்தேன். இன்று அதை விற்கும் கடையில்தானே நிற்கிறேன். முதன்முறை வருகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: "மிட்டாயக் கால்வாசி கடிச்சுட்டு இரண்டு மணி நேரம் சும்மா இருங்க. ஒண்ணுமே ஆகலயேன்னு இன்னொண்ணு வாயில போடாதீங்க. வயித்து வழியாப் போறது மெதுவாத்தான் ஏறும், ஏறினா சீக்கிரம் இறங்காது." புகைத்தால் உடனே தெரிந்துவிடும், தின்றால் தெரியாது. வீரியமும் முன்பு மாதிரி இல்லை. நீங்கள் இருவரும் இப்போது செடியிலிருந்து இறக்கும் மெழுகு, பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டின மாதிரி. அதை ஒருவன் விடிந்ததிலிருந்து இழுத்தால் உடம்பு என்னாகும்?

அடிவாரத்துக் கடையில் ஹாலிஸிடம் ஒரு சின்னப் புட்டி கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். போதை ஏறாத வகைச் சொட்டு. மெழுகுக்குப் பதில் இதைக் கொடுத்துப் பாருங்கள். மெல்ல மெல்லக் குறைக்கலாம். அப்படியும் வாந்தி நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

டான்சி

---

மலை
நவம்பர் 19

டான்சி,

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறாயா? உன் கடிதம் வந்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று, நிறமேற்றின மிட்டாயைச் சீல் வைத்த டப்பாவில் போட்டு விற்கிறவள் எனக்கு அளவு சொல்லித் தருகிறாள்! நான் இந்த மலைக்கு வந்தபோது பால் கறக்கத் தெரிந்த பெண், அவ்வளவுதான். எல்லாம் உன் அம்மா கெயில் கற்றுக்கொடுத்தது. பூவை எப்போது வெட்டுவது, எவ்வளவு இளஞ்சூட்டில் அடுப்பில் வைத்தால் அதற்கு வேலை செய்யும் குணம் வரும், வெண்ணெயில் எப்படி இறக்குவது, எல்லாம். நீ அப்போது எங்கிருந்தாய்? கல்லூரியில்.

கடைசி வருடம் அவளுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றும்போது தண்ணீர்கூடத் தங்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் சேர்த்து வாந்தி எடுத்தாள். நான் காய்ச்சிய சொட்டை நாக்கடியில் விட்டேன். அன்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, "வெர்னா, அந்த மான் கறில கொஞ்சம் கொண்டா. உருளைக்கிழங்கும் வை"ன்னு கேட்டாள். மலையில் எல்லோருக்கும் தெரியும் அந்தக் கதை. உனக்கும் தெரியும், போனில் கேட்டு அழுதாயே. வாந்தியை நிறுத்துகிற மருந்தை வாந்தி எடுக்கிறவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

உன் புட்டி வந்தது. அதையும் கொடுத்தேன், என்னுடையதோடு சேர்த்து. ஒரு பிரயோஜனமும் இல்லை. நீ சொன்னாயே என்று நடுவில் மூன்று நாள் எல்லாவற்றையும் நிறுத்தியும் பார்த்தோம். அப்போதும் விடியற்காலையில் குடலைப் பிடுங்கிப் போட்டது. நான்காம் நாள் மெழுகைக் கொடுத்தேன், தூங்கினான். இதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்?

எனக்கு இங்கே கவலை இல்லாமல் இல்லை. சூப் குடித்தால் சூப், ரொட்டி தின்றால் ரொட்டி, அப்படியே வெளியே வருகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். எழுந்தால் நேரே குளியலறை. ஷவரைத் திறந்துவிட்டு மணிக்கணக்கில் நிற்கிறான், தோல் வெந்த மாதிரி சிவந்து போகிறது. கதவைத் தட்டினால், "இன்னும் கொஞ்சம் வெர்னா, இங்க நின்னாத்தான் உயிர் வருது"ன்கிறான். குளிர்காலத்துக்கு என்று நிரப்பின கேஸ் தொட்டி இப்போதே காலி. கேஸ் வண்டிக்காரன், "என்னம்மா, வீட்டுக்குள்ள நீச்சல் குளம் கட்டிட்டீங்களா?"ன்னு சிரிக்கிறான்.

இனி எழுதாதே. பூட்டு பூட்டாகவே இருக்கும்.

வெர்னா

---

சாக்ரமென்டோ
நவம்பர் 27

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருந்தால் எனக்கு அண்ணன் இருக்க மாட்டான். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் இதை உட்கார்ந்து, கடைசிவரை படியுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கடையில் சாப்பாட்டு வேளையில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யோலாந்தா, என்னோடு நிற்கிற பெண். நான் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். கேஸ்காரனின் நீச்சல் குளம் ஜோக்கைச் சொன்னேன், சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "சுடுதண்ணியா? நின்னாத்தான் நல்லாருக்குன்னாரா? காலைல காலைல வாந்தியா?"ன்னு கேட்டாள். ஆமாம் என்றேன். "டான்சி, உங்க அண்ணனுக்குச் செடிதான் சீக்கு"ன்னாள்.

அவளுக்கே இது வந்திருக்கிறது. இரண்டு வருடம். பித்தப்பை என்றார்கள், அல்சர் என்றார்கள், மனசு சரியில்லை என்றார்கள். அவளும் குளியலறையிலேயே குடியிருந்திருக்கிறாள். அவள் அம்மா அவளுக்குக் குளியலறை வாசலில் தலையணை போட்டு வைத்திருந்தாளாம். குமட்டலுக்கு நல்லது என்று அவளும் இன்னும் அதிகமாக இழுத்தாள். பல வருடம் நாள் தவறாமல், அதுவும் வீரியமானதை எடுப்பவர்களில் சிலருக்கு உடம்பு ஒரு கட்டத்தில் திரும்பிக்கொள்கிறதாம். குமட்டலை அடக்கின பொருளே குமட்டலைக் கிளப்ப ஆரம்பிக்கும். எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்களுக்குச் சூடுதான் கொஞ்ச நேர ஆறுதல். மருத்துவர்கள் இதற்கு ஒரு நீளமான பெயரே வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு வேலை செய்ததா? செய்தது. நான் மறுக்கவில்லை. அம்மா கடைசிக் காலத்தில், கொஞ்ச நாள், கொஞ்சமாக எடுத்தாள். அண்ணன் பதினாறு வயதிலிருந்து எடுக்கிறான். அம்மாவுக்கு உதவினது இவனுக்கும் உதவும் என்பது கணக்கில்லை அண்ணி.

நான் சொன்னதும் தப்புதான். குறைத்துக் கொடு, மெல்லக் கொடு என்று கடையில் எல்லோருக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்லிவிட்டேன். இந்தச் சீக்குக்குக் குறைப்பது போதாது. மிட்டாய், சொட்டு, வெண்ணெய், நான் கொடுத்த புட்டி, எதுவும் கூடாது. மூன்று நாளில் தெரியாது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். நிறுத்தின முதல் நாட்களில் இன்னும் மோசமாகத் தோன்றும்; அங்கேதான் எல்லோரும் தோற்றுப்போகிறார்கள். யோலாந்தாவும் இரண்டு தடவை தோற்றாள்.

வாந்தியோடு தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருந்தால் சிறுநீரகம் நின்றுவிடும். இதயமும் தடுமாறும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, எனக்கே பயமாக இருக்கிறது.

டான்சி

---

மலை
டிசம்பர் 9

டான்சி,

படித்தேன். சத்தமாகவே படித்தேன், ரோவனும் கேட்கட்டும் என்று. அடுப்புப் பக்கம் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். முடித்ததும் சிரித்தான். "என் தங்கச்சி கீழ போயி முழுசா ஊர்க்காரியாயிட்டா. இன்னும் கொஞ்ச நாள்ல செடியப் பாத்தா கன்னத்துல போட்டுப்பா"ன்னான். சிரித்த வேகத்தில் ஓடிப்போய்க் குளியலறையில் விழுந்தான்.

உனக்கு மறந்துவிட்டது. உன் அப்பாவைக் கையில் விலங்கு மாட்டி இறக்கிக்கொண்டு போனபோது நீ சின்னவள். நான் அப்போது இங்கே இல்லை, ஆனால் கெயில் சொல்வாள்: தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வந்தால் துணிக்கொடியில் காயும் போர்வையைப் பிடுங்கி நாற்றின்மேல் போடுவாளாம். செடி மூளையைக் கெடுக்கும், பிள்ளையைக் கெடுக்கும் என்று அன்றைய சர்க்கார்காரர்களும் ஆராய்ச்சி காட்டினார்கள், நீளமான பெயர் வைத்தார்கள். இன்று சட்டம் விட்டுவிட்டதும் வேறு வாய் வழியாக அதே பேச்சு வருகிறது. அதுவும் கெயிலின் மகள் வாய் வழியாக.

இந்த மலையில் திருடினால் மன்னிப்பார்கள். அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடினால்கூட ஒரு வருடத்தில் மன்னிப்பார்கள். சீருடைக்காரனிடம் வாயைத் திறந்தவளை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். எவன் பலகையில் காகிதம் செருகிக்கொண்டு கேள்வி கேட்டாலும் நம் பதில் ஒன்றுதான்: தெரியாது, இல்லை, பார்க்கவில்லை. நீ மருத்துவர், ஆஸ்பத்திரி என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வருகிறது.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அண்ணி பிடிவாதக்காரி என்று ஊரெல்லாம் சொல்வாய். நீ எழுதினதற்கப்புறம் அவனுடைய மெழுகு டப்பாவை எடுத்து மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். அவன் வீட்டையே தலைகீழாகப் புரட்டிவிட்டான். மெத்தையைக் கிழித்தான். அப்புறம் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, "வெர்னா, அம்மாவுக்குக் குடுத்தியே, எனக்கு மட்டும் ஏன்டி குடுக்க மாட்டேங்கற"ன்னு அழுதான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் அழுது பார்த்ததில்லை. கெயில் குழியில் இறங்கும்போதுகூட அழவில்லை.

மாவுக் கையோடு எடுத்துக் கொடுத்தேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

வெர்னா

---

சாக்ரமென்டோ
டிசம்பர் 15

அண்ணி,

நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். அதனால்தான் பயப்படுகிறேன்.

சனிக்கிழமை மறுபடி வந்தேன். மழையில் பாதிச் சாலை ஆற்றுக்குள் சரிந்து கிடக்கிறது, ஹாலிஸின் டிராக்டர் மட்டும்தான் போகிறது என்றார்கள். இந்தத் தடவை என்னைத் தடுத்தது உங்கள் பூட்டில்லை. ஹாலிஸிடம் ஒரு டியூப் கொடுத்திருக்கிறேன். மிளகாய் வீரியம் சேர்த்த களிம்பு, மூட்டு வலிக்குத் தடவுவது. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். அண்ணனுக்கு வயிறு முறுக்கும்போது தொப்புளைச் சுற்றி மெல்லிசாகத் தடவுங்கள். கையைக் கழுவிக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டுவிடப் போகிறது. சுடுதண்ணீர் செய்கிற வேலையை அதுவும் கொஞ்சம் செய்யும் என்கிறாள் யோலாந்தா. பித்தப்பைக்கும் அல்சருக்கும் மிளகாய் தடவினால் ஒன்றும் ஆகாது. இவனுக்குச் சுகப்பட்டால் நான் சொல்வதை நம்புங்கள். என்னை நம்ப வேண்டாம், அவன் வயிற்றை நம்புங்கள்.

ஒருவேளை ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், கையெடுத்துக் கும்பிடுகிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இப்போது யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். என் கடை வாசலில் போலீஸ்காரரே வரிசையில் நிற்கிறார், பெண்டாட்டியின் முதுகு வலிக்குக் களிம்பு வாங்க.

டான்சி

---

ஆஸ்பத்திரி, கடற்கரை ஊர்
டிசம்பர் 28

டான்சி,

இங்கே சிக்னல் இருக்கிறது. கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் ஒன்று கத்துவேன், இல்லை அழுவேன். இரண்டும் இந்த வராந்தாவில் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் குளியலறையிலேயே விழுந்துவிட்டான். கண் மேலே சொருகியிருந்தது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. ஹாலிஸ் டிராக்டரில் கிடத்திச் சரிவைத் தாண்டி, அங்கிருந்து வண்டியில் கொண்டுவந்தோம். வழியெல்லாம் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன், நிறுத்தினால் போய்விடுவான் போல இருந்தது. வந்ததும் இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறதாம். இதயம் தாளம் தப்பி அடிக்கிறதாம், ஒரு பெட்டி பக்கத்தில் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கிறது.

டாக்டர் கேட்டார், "கஞ்சா எடுப்பாரா?"ன்னு. கையில் அதே பலகை, அதே பேனா. ரோவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. அவர் என்னைப் பார்த்தார். "அவர் தொடறதே இல்ல டாக்டர்"ன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்கே தெரியும். எங்கள் இரண்டு பேர் துணியிலும் அறுவடை வாடை அடிக்கிறது. அவர் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். பிறகு அவர்பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனார். என்னை ஏன் என்று கேட்காதே. யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. இடறினால் கை தானாகத் தரையில் ஊன்றுமே, அப்படி வந்தது.

பித்தப்பையாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறார்கள். படத்தில் சரியாகத் தெரியவில்லையாம். வெள்ளிக்கிழமை வயிற்றைத் திறந்து பார்க்கப் போகிறார்கள். இந்த இதயத்தோடு மயக்க மருந்து தாங்குவானா என்று அவர்களே முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

உன் மிளகாய்க் களிம்பைத் தடவினேன், வீட்டில். சுகமாக இருக்கிறது என்றான். அதனால் என்ன? சூடு எதற்கும் சுகம்தான்.

உனக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். உன் அண்ணன் இங்கே ஒன்றுமில்லாமல் கிடக்கவில்லை. கெயிலுக்குக் காய்ச்சின அதே பக்குவத்தில் ஒரு புட்டி என் பையில் இருக்கிறது. சாயங்காலம் நர்ஸ் மாறும் நேரத்தில் நாக்கடியில் விடுகிறேன், தாராளமாகவே. ஒரு மணி நேரம் முகம் தெளிகிறது. காலையில் பழையபடி வாந்தி. அப்படியென்றால் சொட்டு போதவில்லை என்று அர்த்தம், இன்றிலிருந்து கூட்டப் போகிறேன். அவர்கள் ஊற்றுகிற உப்புத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

ஜெபம் செய். வாயைத் திறக்காதே.

வெர்னா

---

சாக்ரமென்டோ
டிசம்பர் 30

அண்ணி,

வாயைத் திறந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. நின்றபடியே படித்தேன். முதலில் உங்களைத்தான் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. பிறகு அந்த வார்டைக் கூப்பிட்டு, நான் நோயாளியின் தங்கை என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வருடமாக எடுக்கிறான், எதை எடுக்கிறான், சுடுதண்ணீர், களிம்பு, உங்கள் பை, அதிலிருக்கும் புட்டி, நர்ஸ் மாறும் நேரம். எழுதிக்கொண்டார்கள். என் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். அண்ணனின் விஷயம் எதையும் எனக்குச் சொல்ல முடியாது என்றார்கள். நானும் கேட்கவில்லை, சொல்லத்தான் கூப்பிட்டேன்.

மலையில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை அப்பா யாரைப் பார்த்துச் சொன்னாலும் அதன் பிறகு காறித் துப்புவார். 

அவன் வயிற்றைக் காரணமில்லாமல் கிழிக்கப் போகிறார்கள். நீங்கள் அன்பாக ஊற்றுவதுதான் அவனைக் கொன்றுகொண்டிருக்கிறது. இரண்டையும் நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

டான்சி

---

கடற்கரை ஊர்
ஜனவரி 4, 2022

டான்சி,

சீருடை போட்ட காவலாளி ஒருவன் வந்து என் பையைத் தலைகீழாகக் கொட்டினான். வராந்தாவில், எல்லோர் முன்னாலும். சீப்பு, உள்பாவாடை, கெயிலின் படம், புட்டி. ஹாலிஸ் அப்போதுதான் எனக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தான். காகிதப் பையோடு அப்படியே நின்றுவிட்டான். காவலாளி போனதும், "யாரு சொன்னா வெர்னா?"ன்னு கேட்டான். நான் சீப்பையும் படத்தையும் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். "நம்மாளு யாராவது சொன்னதா இருந்துச்சுன்னா, அந்தாளு மறுபடி மலை ஏறக் கூடாது"ன்னான். இப்போது இந்தச் செய்தி மலை முழுக்கப் போயிருக்கும்.

ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஏதோ ஊசி போடுகிறார்கள். ரோவன் பக்கத்தில் நான் தனியாக உட்காரக் கூடாது. எப்போதும் ஒரு நர்ஸ் நிற்கிறாள். இருபத்திரண்டு வருடம் அவனுக்குச் சமைத்துப் போட்ட நான் அவன் வாயருகே கை கொண்டுபோனால், அந்த நர்ஸ் என் கையைப் பார்க்கிறாள்.

உனக்கு இனி அண்ணி இல்லை.

வெர்னா

---

சாக்ரமென்டோ
பிப்ரவரி 2

அண்ணி,

இல்லை என்று நீங்கள் சொன்னால் இல்லாமல் போய்விடாது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் தெரியும். அதுவும் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் நோயாளி இப்போது இல்லை என்று சொன்னதை வைத்து நானே ஊகித்துக்கொண்டது. அடிவாரத்துக் கடைக்குப் போன் போட்டேன். ஹாலிஸ் என் குரலைக் கேட்டதும், "இங்க அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது"ன்னு வைத்துவிட்டான். எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்.

உயிரோடு இருக்கிறானா? ஒரு காகிதத்தில் ஆமாம் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயர்கூடப் போட வேண்டாம்.

டான்சி

---

மலை
மார்ச் 14

டான்சி,

ஆமாம்.

அதை மட்டும் எழுதி அனுப்பத்தான் பேனாவை எடுத்தேன். நிற்க மாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் நரகம். ஆஸ்பத்திரியில் சுகமாகிவிட்டது, இனி ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் என்ன என்று கேட்டான். நானும் பாவி, ஒன்றுதானே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள் விடியற்காலையில் குளியலறைக்குள் பழைய சத்தம். ஷவர் சத்தமும், அதற்கு மேலே அவன் சத்தமும். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அதுவரைக்கும் ஆஸ்பத்திரி ஊசியால்தான் பிழைத்தான், செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த ஏமாற்று முடிந்தது.

உள்ளே போனேன். உடுப்போடு தண்ணீருக்கடியில் அவனோடு உட்கார்ந்தேன். "ரோவன், உங்கம்மாவ இது சாப்புட வச்சுச்சு. உன்ன இது கொல்லுது. ரெண்டும் நெசம்"ன்னேன். அவன் ஷவரை மூடினான். அப்புறம், "அப்ப நான் யாருடி?"ன்னு கேட்டான். அப்பன் ஜெயிலுக்குப் போனது இதற்காக, அம்மா கடைசி வருடம் சாப்பிட்டது இதனால், அவன் கைக்குத் தெரிந்த ஒரே வேலை இது. தலையைத் துவட்டிவிட்டேன்.

இருந்ததையெல்லாம் ஹாலிஸின் கொட்டகைக்கு மாற்றினேன். உலர்த்துகிற அறையை ரோவனே கழுவினான், இப்போது அங்கே கோழி இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் புகைத்துக்கொண்டு வந்தால் அவன் எழுந்து வெளியே போகிறான். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிப்ரவரி பாதிக்கு மேல் வாந்தி நின்றது. நேற்று மூன்று முட்டை தின்றான். சோளரொட்டி கேட்டான். தின்றுவிட்டு, மேசையில் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். ஏதாவது வெளியே வருமோ என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

நான் சொட்டுக் காய்ச்சுவதை விடவில்லை, நினைத்துக்கொள்ளாதே. மேட்டுவீட்டு ஐனஸுக்கு மருந்து ஏற்றுகிறார்கள், கெயிலைப் போலவே. அவளுக்குக் கொடுக்கிறேன். ஆனால் அவள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். எத்தனை காலமாக எடுக்கிறாய், வேறென்ன எடுக்கிறாய், விடியலில் குமட்டுகிறதா, சுடுதண்ணீரில் நிற்கத் தோன்றுகிறதா என்றெல்லாம் முதலில் கேட்கிறேன். ஐனஸ், "நீ என்னடி, டாக்டரம்மா மாதிரி கேள்வி கேக்கற"ன்னு கிண்டல் செய்கிறாள். மிட்டாய்க் கடைக்காரி மாதிரி என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாலை வேலைக்காக மலைக் கூட்டம். சரிந்த இடத்தை யார் யார் சேர்ந்து கட்டுவது என்று பேசி முடிந்ததும், ஹாலிஸ் எழுந்தான். "இன்னொரு விசயம் பாக்கி இருக்கு. ஆஸ்பத்திரில நம்ம வீட்டுச் சமாச்சாரத்தச் சீருடைக்காரங்ககிட்டச் சொன்னது யாருன்னு தெரியணும்"ன்னான். யார் பெயரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. கெயில் பெற்ற மகள்தான் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம். இனி கெயிலின் வருட நினைவுக்கும் அவள் இந்தப் பக்கம் வரக் கூடாது, வந்தால் வண்டியைத் திருப்பிவிட வேண்டும் என்று பின்வரிசையில் ஒருத்தன் முணுமுணுத்தான். ரோவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரியும். அவனுக்கு வாய் வரவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த மலையில் பிறந்தவன், அப்படித்தான் வரும்.

நான் வெளியூரிலிருந்து வந்தவள். எழுந்து நின்றேன்.

"நான்தான் சொன்னேன்"ன்னேன். "எம் புருசன் செத்துக்கிட்டிருந்தான், நானே டாக்டரக் கூப்புட்டு எல்லாத்தையும் சொன்னேன். எம் பையில இருந்ததையும் நானே காட்டிக் குடுத்தேன். இன்னும் ஒரு தடவ அப்படி ஆச்சுன்னா இன்னும் ஒரு தடவ சொல்லுவேன்."

ஹாலிஸ் என்னைப் பார்த்தபடியே மெல்ல உட்கார்ந்தான். அன்றிலிருந்து எனக்கு யாரும் கையசைப்பதில்லை. ஐனஸ் மட்டும், சொட்டு வாங்க, பின்வாசல் வழியாக வருகிறாள். என் தபாலை ஹாலிஸ் இப்போது எடுத்துப் போவதில்லை. இதைப் போட நானே அடிவாரம் வரைக்கும் நடந்து வந்தேன்.

உன்மேல் இப்போது மலையில் யாருக்கும் கோபமில்லை. நீ வரலாம்.

அண்ணி